ரான்சம்வேர் தாக்கினால் நஷ்டம் எவ்வளவு? இயக்குநர்கள் கேட்கும் அந்த ஒற்றை எண்

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். வாகன உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நிதிப் பிரிவில் பணிபுரிகிறேன். சைபர் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரம் இது. எவ்வளவு தொகைக்குப் பாலிசி எடுப்பது என்று முடிவு செய்ய, ரான்சம்வேர் (கணினிகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் கள்ள நிரல்) தாக்கினால் நமக்கு எவ்வளவு நஷ்டம் வரும் என்று இயக்குநர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே எண்ணாக வேண்டுமாம்.

கணினிப் பிரிவு ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறது. புதிய சர்வர், மென்பொருள் உரிமம், வெளி நிபுணர் கட்டணம், கேட்கப்படக்கூடிய பிணைத்தொகை ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. எங்கள் தலைமைக் கணக்கர் வேறொரு வழி சொல்கிறார்: ஆண்டு விற்றுமுதலை 365-ஆல் வகுத்து, வேலை நிற்கும் நாட்களால் பெருக்க வேண்டும். முதல் எண் மிகச் சிறியதாகவும் இரண்டாவது மிகப் பெரியதாகவும் எனக்குப் படுகிறது. நடுவில் ஒரு சராசரியை எடுத்துக் கொடுத்துவிட மனம் வரவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:

சர்வர்களிலிருந்து தொடங்காதீர்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். எந்த வேலை நின்றால் எந்தப் பணம் நிற்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

படிக்க வேண்டிய எடுத்துக்காட்டு நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ. அலுமினியம் நிறுவனம், 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள். 2019 மார்ச் 19 அன்று ‘லாக்கர்கோகா’ என்ற ரான்சம்வேர் அவர்களுடைய கணினிகளைப் பூட்டியது. பிணைத்தொகை தர மறுத்துவிட்டார்கள். பேக்அப்பிலிருந்து மீட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, நடந்ததை ஒளிக்காமல் நாள்தோறும் வெளியே சொன்னார்கள். அதனால்தான் நமக்கு ஒரு நேர்மையான கணக்கு கிடைத்திருக்கிறது.

முதல் வாரத்துக்கான அவர்களுடைய மதிப்பீடு 30 முதல் 35 கோடி நார்வே குரோனர். அதில் பெரும்பகுதி கணினிச் செலவே அல்ல. எக்ஸ்ட்ரூடட் சொல்யூஷன்ஸ் (அலுமினியத்தை அச்சு வழியே தள்ளி வடிவம் கொடுக்கும் பிரிவு) என்ற ஒரே பிரிவில் விற்காமல் போன சரக்கும் கைநழுவிய லாபமும்தான் அது. ஆண்டு முழுவதற்குமான இழப்பு அந்த முதல் மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது.

பாதிப்பு எப்படிப் பிரிந்து விழுந்தது என்று பாருங்கள். தாக்கப்பட்டது முழு நிறுவனம். ஆனால் மின்சாரப் பிரிவும் பாக்சைட், அலுமினா பிரிவும் ஏறக்குறைய வழக்கம்போல் ஓடின. உருக்காலைகளில் கைமுறை வேலை கூடியது, உற்பத்தி நிற்கவில்லை. எக்ஸ்ட்ரூடட் சொல்யூஷன்ஸ் முதல் நாட்களில் பெரிதும் முடங்கி, ஒரு வாரம் கழித்து 70 முதல் 80 சதவீதம் வரை எழுந்தது. அதே பிரிவுக்குள் இருந்த பில்டிங் சிஸ்டம்ஸ் அப்போதும் ஏறக்குறைய நின்றபடியே இருந்தது.

உருக்காலை ஒரே பொருளை ஓயாமல் உருக்குகிறது. எக்ஸ்ட்ரூஷன் ஆலையோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வடிவம், தனி அச்சு, தனி நீளம் என்று வேலை செய்கிறது. எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆர்டர் விவரம் திரையில் இல்லையென்றால் எதைச் செய்வது, யாருக்கு அனுப்புவது என்று தெரியாது. ஆகவே ஒரு வேலை கணினியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதைவிட, அந்த வேலைக்குத் தேவையான தகவல் கணினிக்கு வெளியே வேறெங்காவது இருக்கிறதா என்பதே நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. ஹைட்ரோவில் ஓய்வுபெற்ற பழைய தொழிலாளர்கள் உதவிக்குத் திரும்பி வந்தார்கள். காகிதத்தில் வேலை நடத்தத் தெரிந்த தலைமுறை அது.

உங்கள் வார்ப்பாலையில் இதே கேள்வியைக் கேளுங்கள். உலை ஓடும். எந்த பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி), எந்தக் கலவை, எத்தனை எண்ணிக்கை, எந்த வாடிக்கையாளருக்கு என்பது எங்கே எழுதியிருக்கிறது?

தராசுமுள்:

இரவுப்பணி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கணக்குத் தணிக்கைத் துறையிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விற்றுமுதலை 365-ஆல் வகுப்பது தவறான அளவுகோல். விற்பனை நிற்கும்போது அதோடு சேர்ந்து நிற்கும் செலவுகளும் உண்டு. கற்பனையாக ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 40 லட்சம் ரூபாய். அதில் மூலப்பொருள், ஜாப் ஒர்க் கூலி, வண்டி வாடகை, உருக்கும் மின்சாரம் எல்லாம் 26 லட்சம். ஆலை நின்றால் இந்த 26 லட்சம் செலவாகாது. இழப்பு மீதமுள்ள 14 லட்சம்தான். சம்பளம், வட்டி, வாடகை, மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய டிமாண்ட் கட்டணம் எல்லாம் அந்த 14 லட்சத்திலிருந்துதான் போயாக வேண்டும், அவை நிற்காது. ஐந்து நாள் நின்றால் இழப்பு 70 லட்சம். 2 கோடி அல்ல.

இதோடு முடிந்துவிடவில்லை. தள்ளிப்போன விற்பனை வேறு, தொலைந்துபோன விற்பனை வேறு. இதைப் பிரிக்காத எந்த மதிப்பீட்டையும் நான் நம்பமாட்டேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியை 2019 மே மாதம் ரான்சம்வேர் தாக்கியது. கேட்கப்பட்டது 13 பிட்காயின். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 76,000 டாலர். நகராட்சி தரவில்லை. பிறகு சொல்லப்பட்ட மொத்த நஷ்டம் 1.82 கோடி டாலர். இந்த எண் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால், ஏறத்தாழ 1 கோடி டாலர் மீட்புச் செலவு. மீதி 82 லட்சம் டாலர் வராமல் போன அல்லது தாமதமாக வந்த வருவாய். தண்ணீர்க் கட்டணத்தை மக்கள் இந்த மாதம் கட்டவில்லையென்றால் அடுத்த மாதம் கட்டித்தான் ஆக வேண்டும். அது நஷ்டமல்ல, பணப்புழக்க நெருக்கடி.

இதற்கு நேரெதிர் பிரிட்டனின் கடைத்தொடரான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். 2025 ஈஸ்டர் வாரத்தில் தாக்கப்பட்டு, ஆன்லைன் ஆர்டர்களை ஆறு வாரத்துக்கும் மேல் நிறுத்தி வைத்தார்கள். கோடை உடை வாங்க வந்தவர் ஜூன் வரை காத்திருக்க மாட்டார். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். செயல்பாட்டு லாபத்தில் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு அடிபடும் என்று நிறுவனமே அறிவித்தது, அதுவும் காப்பீடு, செலவுக் குறைப்பு ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய எண். விற்பனையாகாத சரக்கு குவிந்து, பிறகு தள்ளுபடியில் தள்ள வேண்டியிருந்ததும் இதே கணக்கில் சேரும்.

நொய்யல், உங்கள் வாடிக்கையாளர் எந்த வகை? வார்ப்புக்கு வேறொரு ஆலையிடம் உடனே போக முடியுமா? பேட்டர்ன் உங்களிடம் இருக்கிறதா, அவர்களுக்குச் சொந்தமானதா? அங்கீகாரம் பெற்ற இரண்டாவது சப்ளையர் இருக்கிறாரா? இதற்கு விடை கிடைத்தால், தள்ளிப்போவது எவ்வளவு, தொலைவது எவ்வளவு என்று சதவீதம் போடலாம். தள்ளிப்போவதை ஞாயிறு ஷிஃப்ட், ஓவர்டைம் வைத்து ஈடுகட்டுவதாக இருந்தால் அந்தக் கூடுதல் கூலியையும் சேருங்கள்.

நொய்யல்:

நன்றி தராசுமுள் அம்மா. பெரிய வாடிக்கையாளர்கள் இருவருக்கும் இரண்டாவது சப்ளையர் உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. அவர்களுடைய உற்பத்தி லைன் நின்றுவிடக்கூடாது என்பதற்காக நாங்கள் விமானத்தில் சரக்கு அனுப்பிய சந்தர்ப்பங்களும் உண்டு. அதை இந்தக் கணக்கில் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒரு சந்தேகம். இவை எல்லாமே மிகப்பெரிய நிறுவனங்கள். எங்கள் அளவிலானவர்களுக்கு என்ன ஆகும்?

கரிசல்மண்:

அந்தக் கேள்விக்கு விடை கே.என்.பி. லாஜிஸ்டிக்ஸ். இந்த இழையில் அதைப் பற்றிப் பேசாமல் போனால் மற்றதெல்லாம் பேசியும் பயனில்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்டனின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 158 ஆண்டுகள் ஓடிய லாரி நிறுவனம். ‘நைட்ஸ் ஆஃப் ஓல்ட்’ என்ற பெயரில் ஏறத்தாழ 500 லாரிகள். காப்பீடு எடுத்திருந்தார்கள். 2023 ஜூனில் ‘அகிரா’ கும்பல் உள்ளே நுழைந்தது. யாரோ ஓர் ஊழியரின் எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு வழியாக என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. செப்டம்பரில் நிறுவனம் திவால் நிர்வாகிகளிடம் போனது. ஏறத்தாழ 730 பேர் வேலையிழந்தார்கள். ஒரு துணை நிறுவனத்தை மட்டும் வேறொருவர் வாங்கியதால் சுமார் 170 பேரின் வேலை பிழைத்தது.

லாரிகளை யாரும் பூட்டவில்லை. சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பூட்டப்பட்டது கணக்கு. நிர்வாகிகளின் அறிக்கை சொன்ன காரணம் இதுதான்: முக்கிய அமைப்புகளும் நிதித் தகவல்களும் பாதிக்கப்பட்டன, அதனால் கூடுதல் முதலீட்டையும் கடனையும் பெற முடியவில்லை. சந்தை நிலவரமும் அப்போது மோசமாக இருந்தது. கடன் கொடுப்பவர் கணக்கு கேட்கிறார். கணக்கு கையில் இல்லை. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

எனவே தராசுமுள் அவர்கள் ‘தள்ளிப்போன விற்பனை நஷ்டமல்ல’ என்று சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். பெரிய நிறுவனத்துக்கும் நகராட்சிக்கும் அது உண்மை. கையில் மூன்று வாரப் பணம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, தள்ளிப்போவதே சாவாக முடியலாம். லாப நஷ்டக் கணக்கில் தெரியாத இந்த இழப்பு வங்கி இருப்பில் தெரியும்.

தராசுமுள்:

கரிசல்மண், ஏற்கிறேன். லாப இழப்பும் பணத் தட்டுப்பாடும் இரண்டு தனிக் கணக்குகள். இரண்டையும் போட வேண்டும், ஒன்றோடு ஒன்று கூட்டக்கூடாது. முதல் கணக்கு பாலிசித் தொகையை முடிவு செய்ய. இரண்டாவது கணக்கு, எத்தனையாவது நாளில் ஓவர்டிராஃப்ட் எல்லை முட்டும் என்று தெரிந்துகொள்ள.

ஆனால் கே.என்.பி.யின் அழிவு முழுவதையும் தாக்குதலின் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாணய மாற்று நிறுவனமான டிராவலெக்ஸும் இப்படித்தான் காட்டப்படுகிறது. 2019 டிசம்பர் 31 அன்று தாக்கப்பட்டார்கள். 2020 ஆகஸ்டில் நிறுவனம் நிர்வாகிகள் கைக்குப் போனது. இடையில் கொரோனா வந்து விமான நிலையங்களே வெறிச்சோடிவிட்டன. எதற்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரிப்பது? தாக்குதல் நடக்காவிட்டால் அந்த மாதங்களில் விற்பனை எப்படி இருந்திருக்கும் என்ற அடிப்படைக் கோட்டை முதலில் வரைந்து, நடந்ததை அதிலிருந்து கழிப்பதுதான் முறையான மதிப்பீடு. நலிந்துகொண்டிருந்த நிறுவனத்தின் கோடு ஏற்கெனவே கீழ்நோக்கித்தான் போயிருக்கும்.

கரிசல்மண்:

கோட்டை வரையுங்கள். மறுக்கவில்லை. ஆனால் நலிந்த நிறுவனத்துக்கு இதே அடி பல மடங்கு கனமாக விழுகிறது என்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். நொய்யலின் இயக்குநர்களுக்குத் தெரிய வேண்டியது பங்குவீதம் அல்ல; நாம் பிழைப்போமா என்பது.

மேற்குச்சாளரம்:

தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு கேள்வி. ஒரு நாள் நிற்பதன் இழப்பு பிணைத்தொகையைவிட அதிகம் என்று கணக்கு காட்டினால், கொடுத்துவிட்டு மறுநாளே வேலையைத் தொடங்குவதுதானே வணிக ரீதியில் சரி? அறத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துக் கேட்கிறேன்.

இரவுப்பணி:

‘மறுநாளே’ என்பது நடப்பதில்லை. உங்கள் கணக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் 75 பிட்காயின், அப்போது சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. கிடைத்த மீட்பு நிரல் அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால், சொந்த பேக்அப்பைத்தான் நம்பி மீள வேண்டியிருந்தது என்று அப்போதே செய்தி வந்தது. கொடுத்த பிட்காயினில் 63.7-ஐ அமெரிக்க நீதித்துறை பின்னர் மீட்டது வேறு கதை. எல்லோருக்கும் அது வாய்க்காது.

2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட, அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கொடுத்தது. பணத்தை வாங்கிய கும்பல் தன் கூட்டாளிக்குப் பங்கு தராமல் மறைந்துவிட்டது. திருடிய தரவு வேறொரு கும்பலின் கையில் போய், மீண்டும் மிரட்டல் வந்தது. ஏறத்தாழ 19 கோடி மக்களின் தகவல் அது. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்துக்கு அந்த ஆண்டில் ஏற்பட்ட மொத்தப் பாதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். பிணைத்தொகை அதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

வெள்ளைச்சுவர்:

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவள் என்ற முறையில் அயர்லாந்தைச் சொல்லியாக வேண்டும். மேற்குச்சாளரம் கேட்டதற்கு அதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்நாட்டின் பொது சுகாதார அமைப்பான எச்.எஸ்.இ.யை 2021 மே 14 அன்று ‘கான்டி’ கும்பல் பூட்டியது. அரசு பணம் தரவில்லை. ஆறே நாளில், மே 20 அன்று, கும்பலே மீட்புச் சாவியை இலவசமாகக் கொடுத்துவிட்டது. அதாவது பிணைத்தொகை சுழி, சாவி கையில். அப்படியும் கடைசி சர்வரைத் திறந்து முடித்தபோது செப்டம்பர் 21 ஆகிவிட்டது. நான்கு மாதம்.

சாவியைக் கொண்டு ஒவ்வொரு சர்வராகத் திறக்க வேண்டும். திறந்ததில் கள்ள நிரல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை வேண்டும். அங்கே அந்த வரிசை முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை என்பதைப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. கும்பல் மார்ச் 18 முதல் உள்ளே இருந்தது என்பதும் அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. எட்டு வாரம். பேக்அப்பை நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: எந்தத் தேதியின் பேக்அப் சுத்தமானது?

இன்னொன்று. எங்கள் துறையில் ரூபாயில் எழுத முடியாத பாதிப்பு இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது, புறநோயாளி பதிவு, ஆய்வக முடிவு, அனுமதி எல்லாமே கைமுறைக்கு மாறின. நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சை ஒரு வாரம் தள்ளினால் அந்த நோயாளிக்கு என்ன ஆகும் என்பதற்கு எந்த நெடுவரிசையிலும் இடமில்லை. வணிகப் பாதிப்பு மதிப்பீட்டில் உயிர், பாதுகாப்பு என்று ஒரு தனிப் பகுதி கட்டாயம் வேண்டும், அதைப் பணமாக மாற்ற முயலவே கூடாது. வார்ப்பாலையிலும் உருகிய உலோகம் இருக்கிறது. உங்களுக்கும் இது பொருந்தும், நொய்யல்.

மேற்குச்சாளரம்:

புரிந்தது. அயர்லாந்து விவரம் எனக்குப் புதிது. என் கேள்வியை விலக்கிக்கொள்கிறேன்.

படிவம்பதினாறு:

இதுவரை யாரும் தொடாத ஒன்று: காலண்டர். இந்தியாவில் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது உடனே உறைக்கும்.

ஒரே தாக்குதல், ஒரே ஐந்து நாள் முடக்கம். 12-ஆம் தேதி நடந்தால் ஒரு விலை. மாதக் கடைசியில் நடந்தால் வேறு விலை. மாதக் கடைசியில்தான் பில் போடுவது குவிகிறது. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். சம்பளம் போட வேண்டும். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வருகைப் பதிவேடு பூட்டப்பட்டிருந்தால் சம்பளத்தைச் சென்ற மாதத் தொகையை வைத்தே போட்டுவிட்டுப் பிறகு சரிசெய்யலாம். அதற்கு வங்கியில் பழைய சம்பளக் கோப்பு இருந்தால் போதும். அந்த ஏற்பாட்டை இப்போதே பேசி வையுங்கள்.

5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம் இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிந்த பில்) இல்லாமல் பிற தொழில் நிறுவனங்களுக்குச் சரக்கை அனுப்ப முடியாது. 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் (சரக்கை வண்டியில் கொண்டுசெல்லும் ஆவணம்) வேண்டும். ஈ.ஆர்.பி. (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும்) மென்பொருள் வழியாகத் தானாகப் போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டால், அரசின் தளத்திலேயே ஒவ்வொன்றாகக் கையால் உள்ளிடலாம். வழி இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பில், ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம், தள பாஸ்வேர்டு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது? அது பூட்டப்பட்ட கணினிக்குள் இருந்தால் வழி இருந்தும் இல்லாததே.

பிறகு மார்ச் மாதம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் வருமான வரிச் சட்டம் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க விடாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற லெட்ஜரே மார்ச் கடைசியில் கையில் இல்லாவிட்டால், லாபமே இல்லாத இடத்தில் வரி வந்து நிற்கும். இதையெல்லாம் கணினிப் பிரிவின் மதிப்பீட்டில் எதிர்பார்க்க முடியாது. அது அவர்கள் வேலையும் அல்ல.

சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு உத்தரவையும் மறக்க வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஊழியர் தரவுதான் என்றாலும், அது எத்தனை பேருடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நொய்யல்:

மார்ச் மாத விஷயம் நெஞ்சில் அறைந்தது போல் இருக்கிறது. நன்றி.

காப்பீடு எவ்வளவு ஈடுகட்டும் என்பதுதான் இயக்குநர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும். அந்தத் துறையினர் யாராவது இருக்கிறீர்களா?

ஆழிமுத்து:

இருக்கிறேன். இழப்பீட்டுக் கோரிக்கைகளை மதிப்பிடுவதுதான் என் தொழில். வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நஷ்டம் என்று நீங்கள் கணக்கிடுவதும், பாலிசி நஷ்டம் என்று ஏற்பதும் ஒன்றல்ல. பொதுவாக வணிக முடக்கப் பிரிவில் முதல் சில மணி நேரங்கள் காத்திருப்புக் காலம்; அதற்குள் நடந்த இழப்பு உங்களுடையது. பிறகு ஈட்டுக்காலம் என்று ஓர் எல்லை இருக்கும்; எவ்வளவு காலம் வரையிலான இழப்பை ஏற்பார்கள் என்பது அது. ஆலை பத்தாம் நாள் ஓடத் தொடங்கினாலும், போன வாடிக்கையாளர் திரும்ப ஆறு மாதம் ஆகலாம். ஈட்டுக்காலம் குறுகியதாக இருந்தால் அந்த வால் பகுதி உங்கள் தலையில்தான். பழைய சர்வருக்குப் பதில் புதிய, சிறந்த சர்வர் வாங்கினால் அந்த மேம்பாட்டுக்கான தொகை பெரும்பாலும் வராது. விண்ணப்பத்தில் ‘எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு உண்டு’ (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும்) என்று எழுதிவிட்டு ஒரு கணக்கை விட்டிருந்தால் அதுவே பெரிய வழக்காகும். சேஞ்ச் ஹெல்த்கேரில் கும்பல் நுழைந்தது இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயில் வழியாகத்தான்.

பணம் வரும் வேகத்தையும் பாருங்கள். ஹைட்ரோ மார்ச் மாதம் தாக்கப்பட்டது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் கணக்கில் வந்த காப்பீட்டுத் தொகை 3.3 கோடி குரோனர். பெரிய தொகை அதற்குப் பிறகுதான். ஹைட்ரோவால் காத்திருக்க முடிந்தது. கரிசல்மண் சொன்ன மூன்று வாரக் கையிருப்பு நிறுவனத்தால் முடியாது. எனவே இடைக்காலத் தொகை தருவதற்குப் பாலிசியில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கூடவே, போர்ச் செயலால் வரும் இழப்பை ஏற்காத போர் விலக்கு விதியைப் படியுங்கள். 2017-இன் ‘நாட்பெட்யா’ ரான்சம்வேர் வேடம் போட்ட அழிப்பு நிரல். பணம் கொடுத்தாலும் மீட்க முடியாதது. மருந்து நிறுவனமான மெர்க் 140 கோடி டாலர் கோரியது. போர் விலக்கைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் மெர்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு. அதற்குள் சந்தையில் விதியின் வாசகங்களே மாறிவிட்டன.

தராசுமுள்:

ஆழிமுத்து அவர்கள் சொன்னதோடு சேர்த்து: இழப்பை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. முந்தைய ஆண்டுகளின் மாதவாரி விற்பனை, ஆர்டர் புத்தகம், லாப விகிதம் எல்லாம் காட்ட வேண்டும். அவை பூட்டப்பட்ட சர்வரில் மட்டும் இருந்தால் கோரிக்கையே தள்ளாடும். ஹைட்ரோகூட முதல் காலாண்டு முடிவுகளை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் 5-க்குத் தள்ளிவைத்தது. மாதம் ஒரு முறை ட்ரயல் பேலன்ஸ், பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்பு இவற்றின் நகலை நிறுவனத்துக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

வடக்குவாசல்:

சப்ளையர் பக்கத்திலிருந்து ஒன்று. உங்களைத் தாக்காமலேயே உங்களுக்கு நஷ்டம் வரலாம். அதை மதிப்பீட்டில் சேர்த்தீர்களா?

2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் சைபர் தாக்குதலால் உற்பத்தியை நிறுத்தியது. ஏறத்தாழ ஐந்து வாரம் ஒரு காரும் வெளியே வரவில்லை. பிரிட்டனின் சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்ட பாதிப்பு 190 கோடி பவுண்டு; பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றின் கணினியில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்குபவர் நின்றுவிட்டார், அவ்வளவே. அரசே 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் 2024 ஜூலை இறுதியில், வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் பணப்பரிமாற்றம் முன்னெச்சரிக்கையாகத் துண்டிக்கப்பட்டது. ஒரே நாளில் சரியானது என்பது பெரிய ஆறுதல். அந்த வங்கிகள் எதுவும் தாக்கப்படவில்லை.

நொய்யல், உங்கள் முதல் வாடிக்கையாளர் ஒரு மாதம் வாங்காவிட்டால் உங்கள் நிலை என்ன? உங்கள் பாலிசி அதை ஏற்குமா? பல பாலிசிகள் சேவை வழங்குநர் முடங்கினால் ஏற்கும், வாடிக்கையாளர் முடங்கினால் ஏற்காது.

இரவுப்பணி:

மீட்கும் நேரம் குறித்து நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். மேலே எல்லோரும் ‘ஐந்து நாள்’ என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது?

கணினிப் பிரிவிடம் பேக்அப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்பார்கள், உண்மையும் அதுதான். முழுவதையும் காலியான கணினிகளில் திரும்ப ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும், கடைசியாக எப்போது செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பேக்அப் சர்வரின் நிர்வாகக் கணக்கும் மற்ற சர்வர்களின் நிர்வாகக் கணக்கும் ஒன்றா என்றும் கேளுங்கள். ஒன்றென்றால் கும்பல் முதலில் அழிப்பது பேக்அப்பைத்தான்.

கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், அதே நாட்பெட்யாவால் தாக்கப்பட்டு, 2017-இல் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவியது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். ஆனால் அந்தப் பத்து நாள் சாத்தியமானதே ஒரு தற்செயலால். யார் எந்த கணினியில் நுழையலாம் என்பதைச் சொல்லும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகமெங்கும் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அப்போது மின்சாரம் இல்லை. அங்கிருந்த ஒன்று தப்பியது. அது இல்லாவிட்டால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எண்ணை எழுதுவதற்கு முன் கணினிப் பிரிவை அழைத்து, இன்வாய்ஸ் போடும் ஒரே ஒரு அமைப்பை மட்டும் வேறொரு கணினியில் பேக்அப்பிலிருந்து எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த நேரத்தை வைத்து மற்றதைக் கணக்கிடலாம்.

நொய்யல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இயக்குநர்களுக்கு ஒற்றை எண் தரப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று தாள் கொண்டு போகிறேன். மாத நடுவில் ஐந்து நாள் முடக்கம். மார்ச் கடைசியில் மூன்று வார முடக்கம். நாங்கள் நலமாக இருந்து முதல் வாடிக்கையாளர் ஒரு மாதம் நிற்பது. ஒவ்வொன்றிலும் இழந்த பங்களிப்பு லாபம் (தராசுமுள் அம்மா சொன்ன அந்த 14 லட்சம் போன்றது), மீட்புச் செலவு, ஓவர்டிராஃப்ட் எல்லை முட்டும் நாள், காப்பீடு ஏற்காத பகுதி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுகிறேன். உலைப் பாதுகாப்பு ரூபாய் இல்லாமல் தனிப் பக்கத்தில். இன்வாய்ஸ் அமைப்பை எழுப்பிக் காட்டும் சோதனைக்கு, ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு ஒன்றைக் கணினிப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. வாடிக்கையாளரின் லைன் நின்றால் நாங்கள் கட்ட வேண்டிய தொகையை எப்படி மதிப்பிடுவது? ஒப்பந்தத்தில் ‘ஏற்படும் இழப்பு முழுவதும்’ என்றுதான் இருக்கிறது, உச்சவரம்பு இல்லை.

ஆழிமுத்து:

உச்சவரம்பு இல்லாத பொறுப்பைச் சைபர் பாலிசியின் வணிக முடக்கப் பிரிவு ஏற்காது; ஒப்பந்தத்தால் நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்று தள்ளிவிடுவார்கள். அந்த ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது? பாலிசி தொடங்கும் தேதிக்கு முன்பே என்றால், உச்சவரம்பைப் பேசிச் சேர்த்துவிட்டுப் பிறகு பாலிசித் தொகையை முடிவு செய்யுங்கள். பின்பு என்றால், முதல் இரண்டு தாள்களிலும் அந்த வரியை வெறுமையாக விட்டு, ஏன் வெறுமை என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். இயக்குநர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.